எர்த் பாத்தியாலே?

நான் வேலை பழகிய ஆசானுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், வீட்டுக்காரர் "ஃபேன் ஓடல", "மோட்டார் எடுக்கல" என்று சொல்லத் தொடங்கும்போதே அவர் வீட்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிடுவார். கிணற்றடி, மீட்டர் பெட்டிக்குக் கீழே, அடுக்களைச் சுவரோரம் என்று தேடி எர்த் குழியை, அதாவது கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் பைப் புதைத்த குழியைக் கண்டுபிடிப்பார். மேலே கிடக்கும் சிரட்டையையும் சருகையும் காலால் தள்ளிவிட்டு, குனிந்து அந்தப் பைப்பைப் பிடித்து அசைத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் வருவார். நான் நேராகப் பழுதான சாமானிடம் போய் நின்றிருந்தால் ஒரே கேள்விதான் வரும்: "எர்த் பாத்தியாலே?"

முதல் ஒரு வருஷம் அந்தக் கேள்வி எனக்குத் தொந்தரவாகத்தான் இருந்தது. ஃபேன் ஓடாததற்கும் எர்த்துக்கும் என்ன சம்பந்தம்? இப்போது என்னிடம் ஒரு பையன் வேலை பழகுகிறான். அதே கேள்வியை நான் அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு "அண்ணே, எலக்ட்ரீஷியன் டிரேடு சேரட்டுமா?" என்று எங்கள் ஊரிலேயே வருஷத்துக்கு நாலைந்து பேர் வந்து கேட்கிறார்கள். வாசலில் நின்று அஞ்சு நிமிஷத்தில் சொல்ல முடியாததை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். 2014-ல் நான் பத்தாம் வகுப்பு பாஸானபோது மார்க் சுமார்தான். ப்ளஸ் டூ படித்து டிகிரி முடிப்பது வரை வீட்டில் தாங்காது என்று எனக்கே தெரியும். நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) இருக்கிறது என்று பக்கத்து வீட்டு மாமா சொல்லி, அவரே விண்ணப்பமும் வாங்கி வந்தார். எலக்ட்ரீஷியன் இரண்டு வருஷப் படிப்பு. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது பெரிய விஷயம். காலையில் அப்பா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் நான் கட்டஞ்சாயா குடித்துவிட்டுக் கிளம்பினால், தக்கலை வழியாக நாகர்கோவில் போய்ச் சேரும்போது பையில் இருக்கும் சோறு ஆறிப்போயிருக்கும்.

சேர்ந்ததும் கரண்ட்டைத் தொடுவோம் என்று நினைத்திருந்தேன். கையில் கொடுத்தது ஒரு அரம். இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, நாலு பக்கமும் சதுரமாக வரும்வரை ராவ வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடையில் கோடு போல ஒளி தெரியக் கூடாது. ஒரு பக்கம் சரியாக வந்தால் அடுத்த பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு கையிலும் கொப்பளம் வந்து உடைந்தது. "நாம என்ன கொல்லன் பட்டறைக்கா வந்தோம்" என்று பலரும் முணுமுணுத்தோம். பின்னாளில் பேனல் போர்டில் துளை போட்டுப் பிசிறு தட்டும்போதும், மோட்டார் பேஸ் பிளேட் மட்டம் பார்க்கும்போதும் அந்தக் கை உதவியது. துளையின் பிசிறைத் தட்டாமல் வயரை இழுத்தால் இன்சுலேஷன் சீவிவிடும். அந்தச் சீவலில் இருந்துதான் கசிவு தொடங்கும். அரம் பிடிப்பதை அலட்சியமாக நினைக்காதீர்கள்.

அடுத்து ஜாயிண்ட், அதாவது வயரோடு வயரை முறுக்கிச் சேர்ப்பது. எலிவால் ஜாயிண்ட், டி ஜாயிண்ட், வெஸ்டர்ன் யூனியன், பிரிட்டானியா என்று வரிசையாகப் போடச் சொல்வார்கள். எங்கள் சார் ஒவ்வொருவர் போட்ட ஜாயிண்டையும் இரண்டு கையால் பிடித்து இழுத்துப் பார்ப்பார். வழுக்கி வந்தால் அதைப் பெஞ்சில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார், ஒரு வார்த்தை திட்ட மாட்டார். அது திட்டுவதைவிடக் கடினமாக இருக்கும். என் வெஸ்டர்ன் யூனியன் நாலாவது நாள்தான் இழுபடாமல் நின்றது. தளர்வான ஜாயிண்ட் சூடாகும், சூடானால் துரு ஏறும், துரு ஏறினால் தடை கூடி இன்னும் சூடாகும் என்று போர்டில் எழுதிப் போட்டார். தீப்பிடித்த சுவிட்ச் போர்டுகளை நான் பிறகு நிறையப் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒரு ஸ்க்ரூ சரியாக முறுக்கப்படாமல் இருந்ததால் எரிந்தவை.

ஒரு லைட் ஒரு சுவிட்ச், படிக்கட்டு வயரிங், குடோன் வயரிங் எல்லாம் மரப்பலகையில் செய்தோம். இரண்டாம் வருஷம் மோட்டார், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர், வைண்டிங் (மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது). 36 ஸ்லாட் (காயில் இறங்கும் பள்ளம்), 4 போல் (காந்த முனை) உள்ள ஸ்டேட்டரில், அதாவது மோட்டாரின் சுழலாத பாகத்தில், 36-ஐ 4-ஆல் வகுத்து 9 என்று எண்ணி எண்ணிக் காயிலை இறக்கும்போது எனக்குத் தறி நெய்கிறவர்கள் நினைவு வரும். வார்னிஷ் வாசனை சட்டையை விட்டுப் போகவே போகாது. அம்மா தனியாகத் துவைப்பாள்.

எர்த்திங்குக்கும் ஒரு பயிற்சி உண்டு. இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கு அடுக்காக, மேலே தண்ணீர் ஊற்றப் புனல், அதைச் சுற்றிச் சின்னச் சிமெண்ட் தொட்டி. படம் வரைந்து ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டு மறந்துபோனேன். அந்தப் படம் என் நோட்டிலேயே அழகான படம். ஆனால் அதைப் புரிந்துகொள்ள இன்னும் பல வருஷம் ஆனது.

அப்ரண்டிஸ் ஒரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் செய்தேன். அங்கே கற்றதைவிட, அது முடிந்ததும் வந்த சான்றிதழ்தான் பின்னால் பயன்பட்டது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஆசானிடம் சேர்ந்தது 2017-ல். முதல் இரண்டு மாசம் சுவர் கொத்துவதும் பைப் புதைப்பதும் மட்டும்தான். ஐடிஐ முடித்தவனைச் சுவர் கொத்த விடுகிறாரே என்று வருத்தம் இருந்தது. மேற்குப் பக்கத்துப் பழைய வீடுகள் வெட்டுக்கல் சுவர். உளி சற்று ஆழமாக இறங்கினால் கல்லே பெயர்ந்து வரும். அதில் பைப்பை வளைவு குறைவாகக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் வயர் இழுக்கும்போது சிக்கும். இரண்டு மாசம் அதைச் செய்த பிறகு எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் உள்ளே வயர் எப்படி ஓடும் என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

மூன்றாவது மாசம் அவர் கற்றுக்கொடுத்தது 'மூணு தொடல்'. பெயர் அவர் வைத்தது. ஒரு லைனில் கரண்ட் இல்லை என்று முடிவு செய்வதற்கு முன் டெஸ்டரை மூன்று தடவை வைக்க வேண்டும். முதலில் கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த ஒரு இடத்தில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று பார். பிறகு வேலை செய்யப் போகிற லைனில் வை. எரியவில்லையா? சரி, மறுபடி கரண்ட் உள்ள இடத்துக்குப் போய் டெஸ்டர் இன்னும் எரிகிறதா என்று பார். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் அது உன்னிடம் பொய் சொல்லும். "டெஸ்டர் எரியலேன்னா கரண்ட் இல்லேன்னு அர்த்தம் இல்ல மக்கா. டெஸ்டர் எரியலேன்னு மட்டுந்தான் அர்த்தம்." இதை அவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அதைக் கேட்டும் நான் ஒரு நாள் தவறினேன். தக்கலைப் பக்கம் ஒரு மாடி வீடு. ஹாலில் ஃபேன் மாற்ற வேண்டும். ஆசான் கீழே இருந்தார். நான் மெயினை இறக்கிவிட்டு, இரும்பு ஏணியில் ஏறி, சீலிங் ரோஸைத் திறந்து வயரில் கை வைத்தேன். முழங்கை வரைக்கும் யாரோ கம்பியால் அடித்ததுபோல ஒரு அடி. ஏணியோடு சாய்ந்தேன். சுவர் பக்கத்தில் இருந்ததால் அதில் முட்டி நின்றேன். இல்லாவிட்டால் பின்மண்டை தரையில் மோதியிருக்கும். மெயின் இறங்கித்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டருக்கு அது கரண்ட் கட். ஒரு நொடியில் பேட்டரியில் இருந்து அதே ஃபேன் லைனுக்கு 230 வோல்ட்டைக் கொடுத்துவிட்டது. மூணு தொடல் செய்திருந்தால் இரண்டாவது தொடலிலேயே தெரிந்திருக்கும்.

ஆசான் மேலே வந்து என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். பிறகு இன்வெர்ட்டரை அணைத்து, அதன் அவுட்புட்டையும் கழற்றி, அதே ஏணியை ஓரமாக வைத்துவிட்டு மர ஸ்டூல் கேட்டு வாங்கி, "இப்ப ஏறு" என்றார். கை நடுங்கியது. "இன்னைக்கு ஏறலேன்னா நாளைக்கும் ஏற மாட்ட" என்றார். ஏறினேன், மூன்று தடவை டெஸ்டர் வைத்த பிறகு ஃபேனை மாட்டினேன். இன்று வரை எந்த வீட்டுக்குள் போனாலும் என் முதல் கேள்வி இன்வெர்ட்டர் இருக்கிறதா என்பதுதான். கூரையில் சோலார் இருக்கிறதா என்பது இரண்டாவது. பகலில் சோலார் பேனலில் இருந்து இன்வெர்ட்டர் வரைக்கும் வருகிற டிசி லைன் எந்த மெயினை இறக்கினாலும் சாகாது. வெயில் இருக்கும்வரை அதில் வோல்டேஜ் இருக்கும்.

அந்த வருஷக் கடைசியில்தான் ஒக்கி புயல். 2017 நவம்பர் 30. எங்கள் மாவட்டத்தில் அதை மறந்தவர் யாரும் இருக்க முடியாது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளின் துயரத்தோடு ஒப்பிட்டால் நான் சொல்லப் போவது சின்ன விஷயம். ரப்பர் மரங்களும் தென்னையும் விழுந்து போஸ்டுகளைச் சாய்த்துப் போட்டிருந்தன. வெளி மாவட்டங்களில் இருந்து மின்வாரிய ஊழியர்கள் லாரி லாரியாக வந்து ராத்திரி பகல் பார்க்காமல் போஸ்ட் நட்டார்கள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் டேங்கில் ஏற்ற வழியில்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வீடு வீடாக ஒரு மணி நேரம் ஓட்டினார்கள்.

அப்படி ஒரு வீட்டில் ஜெனரேட்டரில் இருந்து ஒரு கார்டு வீட்டுக்குள் போய்ப் பிளக் பாயிண்டில் செருகியிருந்தது. இரண்டு முனையிலும் பிளக். மெயினை யாரும் இறக்கவில்லை. ஆசான் ஜெனரேட்டரை ஓடிப்போய் நிறுத்தினார். கார்டைப் பிடுங்கி, கட்டிங் பிளேயரால் அந்த வீட்டுக்காரர் கண் முன்னாலேயே இரண்டாக வெட்டினார். அவருக்குக் கோபம் வந்தது. ஆசான் தெருவில் போஸ்ட் மேல் நின்ற இரண்டு பேரைக் காட்டினார். இந்த வீட்டில் இருந்து சர்வீஸ் வயர் வழியாக 230 வோல்ட் வெளியே போகும். டிரான்ஸ்ஃபார்மர் பின்பக்கமாக வேலை செய்தால் அதை 11,000 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும். அந்த இரண்டு பேரும் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஏறியிருக்கிறார்கள். விவரம் தெரிந்த லைன்மேன் வேலை செய்யும் இடத்தில் லைனை எர்த் செய்துவிட்டுத்தான் ஏறுவார். ஆனால் யாராவது ஒரு இடத்தில் தவறிவிட்டால்? வீட்டுக்காரர் பிறகு எதுவும் பேசவில்லை. மறுநாள் அவரே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வாங்கி வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். ஜெனரேட்டர் வைக்கிற வீட்டுக்கு அது கட்டாயம். இபி லைன், ஜெனரேட்டர் லைன் இரண்டில் ஒன்றுதான் வீட்டோடு சேர முடியும் என்று கைப்பிடியே பூட்டு மாதிரி நிற்கும்.

இனி எர்த்துக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் வேலை பழகியது என் அதிர்ஷ்டம் என்று நான் நினைப்பதற்குக் காரணமே இதுதான். காலையில் மலையடிவாரத்துச் செம்பாறையில் வேலை, மத்தியானம் தோவாளைப் பக்கம் வயல்காட்டு மோட்டார், சாயந்திரம் முட்டத்துக் கடற்கரையில் ஒரு வீடு என்று ஒரே நாளில் மூன்று மண்ணைப் பார்க்கலாம். ஒவ்வொரு மண்ணிலும் எர்த் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

முதலில் மலைப்பக்கம். திற்பரப்புக்கு அருகில் மேட்டின் மேல் ஒரு புது வீடு. எர்த் குழி போட்டிருக்கிறார்கள், பைப் புதிது, கிளாம்ப் புதிது, எல்லாம் பளபளவென்று இருந்தது. "ஹீட்டர் போட்டா குழாயில கை வைக்க முடியல தம்பி, விறுவிறுன்னு இழுக்கு" என்றார் அந்த வீட்டு அக்கா. மார்ச் மாசம். நான் பார்த்துவிட்டு எர்த் சரியாக இருக்கிறது, ஹீட்டரில்தான் கோளாறு என்றேன். ஆசான் எர்த்தின் தடையை அளக்கும் எர்த் டெஸ்டரை இரவல் வாங்கி வந்தார். இரண்டு கம்பியைத் தள்ளித் தள்ளி ரப்பர் மரங்களுக்கு நடுவே அடித்து அளந்தோம். 46 ஓம்.

தரையில் குச்சியால் எழுதிக் காட்டினார். 5 ஓமுக்குள் இருக்க வேண்டியது 46. ஹீட்டர் எலிமெண்ட் கீறி ஒரு ஆம்பியர் கசிந்தால் பாடியில் எத்தனை வோல்ட்? 46. அதுதான் அந்த அக்காவின் கை விறுவிறுத்தது. சரி, எலிமெண்ட் முழுசாகவே பாடியில் ஒட்டிவிட்டது என்று வை. 230-ஐ 46-ஆல் வகுத்தால் எவ்வளவு? 5. ஐந்து ஆம்பியருக்கு 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து லைனை அறுக்கும் சுவிட்ச்) விழுமா? விழாது. எம்சிபி அதை ஒரு அயர்ன் பாக்ஸ் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா நிற்கும். ஹீட்டர் பாடியில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் நிற்கும். ஈரக் கையோடு யாராவது குழாயைத் திறப்பார்கள்.

நான் அந்தக் குச்சிக் கணக்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓம் விதியை ஐடிஐயில் நூறு தடவை எழுதியிருக்கிறேன். அது ஒரு வீட்டுக் குளியலறையில் நிற்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

செம்பாறை மேட்டில் கோடையில் ஈரம் இருக்காது. பைப் புதிது என்பதால் எர்த் நல்லதாகிவிடாது. வீட்டுக்குக் கீழே அடுக்களைத் தண்ணீர் போய் விழும் வாழைத்தோட்டத்தில் இன்னொரு குழி எடுத்து, இரண்டையும் செம்புக் கம்பியால் சேர்த்தோம். 9 ஓமுக்கு இறங்கியது. அதிலும் 25 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது, நிமிஷக்கணக்கில் நிற்கும். அதனால் கசிவைக் கண்டு லைனை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று வைத்தோம். போகிற கரண்ட்டும் திரும்புகிற கரண்ட்டும் சமமில்லை என்றால், அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டும் முன்பே பெரும்பாலும் அது அறுத்துவிடும். எலிமெண்டையும் மாற்றினோம்.

ஜூன் மழையில் அந்த வீட்டு ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது, எடுத்துவிடுங்கள் என்று ஃபோன் வந்தது. இந்த இடத்தில் நிறையப் பேர் ஆர்சிசிபியைத் தாண்டி வயரை நேராகக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். அது விழுந்தால் எங்கோ கசிகிறது. ஒவ்வொரு சர்க்யூட்டாக இறக்கி ஏற்றிப் பார்த்தபோது வெளிச்சுவர் லைட்டின் ஜங்ஷன் பாக்ஸுக்குள் தண்ணீர் நின்றது. அதைச் சரிசெய்ததும் நின்றுவிட்டது. ஆர்சிசிபியில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அதை அமுக்கி விழுகிறதா பார்க்கச் சொல்லி ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வருவேன்.

கடற்கரையில் கதையே வேறு. அங்கே ஈர மணலும் உப்பும் இருப்பதால் அளந்தால் 2, 3 ஓம்தான் காட்டும். ஆனால் அதே உப்பு இரும்பைத் தின்றுவிடும். பைப் உள்ளே இருக்கும், வயர் வெளியே இருக்கும், இரண்டையும் பிடிக்கிற கிளாம்பு மட்டும் பொடியாகிப் போயிருக்கும்.

நான் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்த புதிதில் ராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் இருந்து கூப்பிட்டார்கள். கிணற்று மோட்டார் ஓடவில்லை, அதோடு ஃபிரிட்ஜ் கைப்பிடியில் ஷாக் அடிக்கிறது. இரண்டும் ஒரே நாளில் தொடங்கியதாம். ஃபிரிட்ஜைத் திறந்து தேடினால் ஒன்றுமில்லை. ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த பாயிண்டின் எர்த் துளையில் டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. எர்த் துளையில் ஃபேஸ், அதாவது உயிருள்ள கரண்ட்! வீட்டில் எல்லா பாயிண்டிலும் அப்படித்தான். வாஷிங் மிஷின், கிரைண்டர், ஹீட்டர் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் நின்றது. யாரையும் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தேன். மோட்டார் சுவிட்சை அணைத்ததும் டெஸ்டர் அணைந்தது.

கிணற்றடியில் மோட்டாரின் பெட்டியைத் திறந்தபோது புரிந்தது. சில மாசத்துக்கு முன் மோட்டாருக்குப் போகிற நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர், மண்ணுக்குள் எங்கோ அறுந்திருக்கிறது. அப்போது சரிசெய்ய வந்தவர், குழி தோண்டிப் புது வயர் போடுவதற்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த பச்சை எர்த் வயரையே நியூட்ரலாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மோட்டார் ஓடியது, எல்லோருக்கும் சந்தோஷம். மோட்டாரின் கரண்ட் முழுக்க எர்த் பைப் வழியாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. உப்புக்காற்று கிளாம்பைத் தின்று முடித்த நாளில் அந்த வழி அடைபட்டது. மோட்டார் நின்றது. ஃபேஸ் மோட்டார் காயில் வழியாகப் பச்சை வயருக்கு வந்து, போக இடமில்லாமல் வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானின் உடம்பிலும் ஏறி நின்றுகொண்டது. அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தன.

நானே போய்க் கிளாம்பைத் தொட்டேன், விரலில் பொடியாக உதிர்ந்தது. அன்று ராத்திரி ஆசானுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "கொள்ளாம். போனதும் எர்த் பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. நேராக ஃபிரிட்ஜிடம் போய் அரை மணி நேரம் வீணாக்கியிருந்தேன். அந்த அரை மணி நேரமும் பிள்ளைகள் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எதற்காகவும், எந்த அவசரத்துக்கும், எர்த்தில் இருந்து நியூட்ரல் எடுக்காதீர்கள். அடுத்த நாளே எதுவும் ஆகாது, ஆறு மாசம் கழித்து வேறு யாருக்கோ ஆகும்.

இதே வகைக் கோளாறில் இன்னொரு அடையாளத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிளக் பாயிண்டில் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை என்றால், புதிதாகப் பழகுகிறவர்கள் இரண்டு ஃபேஸ் வந்துவிட்டது என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் நியூட்ரல் கட். எங்கோ ஆன் ஆகியிருக்கும் ஒரு பல்பு வழியாக ஃபேஸ் நியூட்ரல் வயருக்கு வந்திருக்கும். எல்லாவற்றையும் அணைத்தால் ஒரு துளை மட்டும் எரியும்.

வேலைக்கான சாமான்களைப் பற்றி: முதல் சம்பளத்தில் நல்ல கட்டிங் பிளேயர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். டெஸ்டரை மட்டும் நம்பி வேலை செய்ய முடியாது. பக்கத்து லைனின் தூண்டலிலேயே டெஸ்டரின் நியான் பல்பு மங்கலாக எரியும். வயரை அறுக்காமலே கரண்ட்டை அளக்கும் டாங் டெஸ்டர் பிறகு வாங்கலாம். பழைய வீடுகளில் வேலை எடுக்கிற நாள் வந்தால் இன்சுலேஷனின் தடையை அளக்கும் மெகர் அவசியம். ஓட்டு வீடுகளில் மரப்பட்டியில் கிளிப் அடித்த வயரிங் இன்னும் பல இடத்தில் இருக்கிறது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும், தொட்டால் இன்சுலேஷன் முறுக்கு மாதிரி உடையும். மெகர் வைத்து ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஒட்டுவேலை செய்யாதீர்கள், முழுதாக மாற்ற வேண்டும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். வேலை போனாலும் பரவாயில்லை.

சான்றிதழ்களில் சோம்பல் வேண்டாம். ஐடிஐ சான்று, அப்ரண்டிஸ் சான்று, அப்புறம் மின் உரிம வாரியம் கொடுக்கிற கம்பியாள் தகுதிச் சான்று. ஐடிஐ போகாமல் நேராகச் சைட்டில் பழகியவர்களுக்கும் வழி இருக்கிறது. 21 வயதும் வயரிங் வேலையில் ஐந்து வருஷ அனுபவமும் இருந்தால் மின் கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வு எழுதலாம். அறிவிப்பு பத்திரிகையில் வரும். எங்கள் பகுதியில் கைவேலையில் என்னைவிடப் பெரியவர்கள் சிலர் காகிதம் இல்லாததால் இன்னும் அடுத்தவர் பெயரில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

கல்ஃபுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. நம் ஊரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். வெளிநாட்டு முறைப்படி வருகிற வயரிங்கிலும் இயந்திரங்களிலும் பழுப்பு, கறுப்பு, சாம்பல் ஃபேஸ், நீலம் நியூட்ரல். அதாவது நமக்கு நியூட்ரலாக இருக்கிற கறுப்பு அங்கே ஃபேஸ், நமக்கு ஃபேஸாக இருக்கிற நீலம் அங்கே நியூட்ரல். கை பழகிய நிறத்தை நம்பிப் பிடித்தால் உயிர் போகும். என்னோடு படித்த ஒருவன் போன முதல் வாரமே இதைச் சொல்லி எல்லோருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். இரண்டு முறையிலும் மாறாமல் இருப்பது பச்சைதான், அங்கே கூடவே ஒரு மஞ்சள் கோடு இருக்கும்.

வேலை எங்கே என்று கேட்பவர்களுக்கு, வீட்டு வயரிங் மட்டும்தான் இந்தத் தொழில் என்று நினைக்க வேண்டாம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளில் பராமரிப்புக்கு ஐடிஐ முடித்தவர்களை எடுக்கிறார்கள். உயரம் பயமில்லாதவர்களுக்கு அது நல்ல வேலை. என் பேட்சில் இரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள். சோலார் வேலையும் இப்போது நிறைய வருகிறது. பெண் பிள்ளைகளும் தயங்காமல் சேரலாம். என் வகுப்பில் வைண்டிங்கில் முதலில் முடித்தவள் ஒரு பெண்தான்.

போன சனிக்கிழமை கடியப்பட்டணத்தில் ஒரு வீடு. ஏசி பாயிண்ட் போட வேண்டும், 4 ஸ்கொயர் வயர் எல்லாம் வாங்கித் தயாராக வைத்திருந்தார்கள். நான் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்னிடம் பழகுகிற பையனைக் காணவில்லை. கூப்பிட்டால் வீட்டின் பின்பக்கத்தில் இருந்து குரல் வந்தது. போய்ப் பார்த்தால் எர்த் தொட்டியின் மேல் இருந்த பழைய வலைத் துண்டை எடுத்துவிட்டு, உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். "அண்ணே, இத பாருங்க" என்று உள்ளங்கையை நீட்டினான். பாதி கிளாம்பு, மீதி துருப்பொடி. செம்பு பூசிய ராடும் புதுக் கிளாம்பும் வாங்கிவர அவனை வண்டியில் மணவாளக்குறிச்சிக்கு அனுப்பிவிட்டு, அவன் வரும்வரை நான் அந்தக் குழியை ஆழமாக வெட்டிக்கொண்டிருந்தேன். ஏசி பாயிண்ட் வேலையைச் சாயந்திரம்தான் தொடங்கினோம்.